தென்னந்தோப்பில் கோரையும் அருகும்: கூலியை வீணாக்காமல் அடக்கும் வழி

ஒரு கோரைச் செடியைத் தோண்டிப் பாருங்கள். பிடுங்க வேண்டாம், தோண்டுங்கள். மண்வெட்டியை ஒரு சாண் தள்ளி இறக்கி, மண்ணோடு கட்டியாகத் தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால் உள்ளே இருக்கும் சங்கதி தெரியும். மேலே நாம் பார்த்த நாலைந்து இலைக்குக் கீழே கறுப்புக் கம்பிபோல் ஒரு வேர்த்தண்டு ஓடும். அதில் மணி கோத்ததுபோல் வரிசையாகக் கிழங்குகள் இருக்கும். நுனியில் இருக்கும் கிழங்குதான் முளைத்து இலை விட்டிருக்கும், பின்னால் இருப்பவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். முன்னால் இருப்பது உயிரோடு இருக்கிறவரை பின்னால் இருப்பவற்றை அது முளைக்க விடாது. அந்தக் கம்பியை நாம் துண்டுதுண்டாக வெட்டிவிட்டால், தடை போய் ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாக எழுந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் நான் தோப்பைக் கையில் எடுத்த முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. கிழக்கு மூலையில் இரண்டு திட்டாகத்தான் கோரை இருந்தது. ஆடி மழை பெய்து மண் நன்றாக நனைந்திருந்த நேரம், "சுலபமாக இறங்கும்" என்று ரோட்டவேட்டரை, அதாவது டிராக்டரில் மாட்டும் சுழல்கலப்பையை, வாடகைக்கு எடுத்து முழுத் தோப்பையும் ஓட்டினேன். ஒரு வாரம் தரை பாய் விரித்த மாதிரி அழகாக இருந்தது. இருபதாம் நாள் நான்கு ஏக்கரிலும் கோரை. பணம் கொடுத்து நானே நட்டதற்குச் சமம். அதை அடக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பல்லாண்டுக் களைக்கு மேலே தெரியும் பச்சை என்பது வெறும் வாய்தான். வயிறு மண்ணுக்குள் இருக்கிறது. பச்சையை வெட்டச் செலவழிக்கும் கூலி, அடுத்த மழைக்கு மறுபடி செலவழிக்க வேண்டிய கூலி. வயிறு காலியாகும் நேரம் பார்த்துச் செலவழித்தால்தான் அடுத்த வருஷக் கணக்கு குறையும்.

முதல் படி: எது எது என்று பிரிப்பது

ஒரு காலை நேரம் நோட்டும் மண்வெட்டியுமாகத் தோப்பை வரிசை வரிசையாகச் சுற்றி வாருங்கள். மழை பெய்து பத்து, பதினைந்து நாள் கழித்துச் சுற்றினால் எல்லாம் முளைத்திருக்கும், ஒன்றும் தப்பாது. இலையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். மண்ணுக்குள் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

கிழங்கு வைத்திருப்பது கோரை. தண்டை விரலால் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும், புல்லுக்கு அப்படி இருக்காது. கிழங்குகளில் பெரும்பகுதி மேல் அரை அடிக்குள்ளேயே இருக்கும்.

ஓடும் தண்டு வைத்திருப்பது அருகு. மண்மேலும் படரும், மண்ணுக்குள்ளும் ஓடும். ஒரு கணு ஈரத்தில் விழுந்தால் போதும், வேர் பிடித்துவிடும். தர்ப்பையும் இந்த இனம்தான், ஆனால் அதன் வேர்த்தண்டு ஊசிமாதிரிக் கூராக, இன்னும் ஆழமாக ஓடும்.

தடித்த ஆணிவேர் வைத்திருப்பவை மூக்கிரட்டை, கோவைக்கொடி, அரிவாள்மனைப் பூண்டு போன்றவை. தலையை அறுத்தால் கழுத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் கோரை, அருகுபோல மண்ணுக்குள் ஊர்ந்து பரவாது. ஒரு செடியை வேரோடு எடுத்துவிட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது.

அடிக்கட்டையிலிருந்து தழைப்பவை உன்னிச்செடியும் சீமைக் கருவேலமும். இவை பெரும்பாலும் வேலியோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் இருக்கும்.

பார்த்தீனியம், நெருஞ்சி மாதிரி விதையால் மட்டும் வருபவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பூக்கும் முன் வெட்டினால் அவை முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே நாளில் ஒரே ஆளைவைத்து வெட்டுவதில்தான் பணம் கரைகிறது.

ஒரு தாளில் தோப்பைக் கட்டம் போட்டு, எந்த வரிசையில் எந்தக் களை என்று குறித்துக்கொள்ளுங்கள். கோரை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கோடு முக்கியம். திட்டு சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் செலவு மிகக் குறைவு.

இரண்டாம் படி: ஏக்கரை ஐந்தாகப் பிரித்துப் பார்ப்பது

25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம். தென்னையின் வேர்கள் அதிகமாகப் பரவியிருப்பதும், நாம் உரம் வைத்துத் தண்ணீர் விடுவதும் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடிக்குள், இந்த வட்டம்தான் வட்டப்பாத்தி. ஒரு வட்டப்பாத்தி ஏறத்தாழ 113 சதுர அடி. 70 பாத்திக்கும் சேர்த்தால் 7,900 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதாவது, களை நம் மரத்தோடு உரத்துக்கும் தண்ணீருக்கும் நேரடியாகச் சண்டை போடும் இடம் மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கைக்களை எடுக்கும் கூலியை முழுக்க இந்த ஐந்தில் ஒரு பங்குக்கே கொடுங்கள். மீதி நான்கு பங்கில், அதாவது இடைவெளியில், களையை ஒழிப்பது நம் வேலை இல்லை. அங்கே உயரத்தை அடக்கினால் போதும். விழுந்த காய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாம்பு கிடந்தால் தெரிய வேண்டும், தேங்காய் பொறுக்குகிறவர் பயமில்லாமல் நடக்க வேண்டும். கணுக்கால் உயரப் பச்சை இருப்பதால் மரத்துக்கு ஒரு கேடும் இல்லை. மழைக்கு மண் அரிக்காமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். தரை துடைத்துவைத்த மாதிரி இருந்தால்தான் நல்ல தோப்பு என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லுவார். அந்தப் பேச்சுக்காகச் செலவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: கோடை உழவு, புழுதி பறக்க

"சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது நம் பெரியவர்கள் சொல். கோரைக்கும் அருகுக்கும் இதைவிட மலிவான மருந்து இல்லை. கிழங்கு கத்திக்குச் சாகாது, காய்ச்சலுக்குத்தான் சாகும். காய்ந்த மண்ணில் மேலே கிடந்து பத்துப் பதினைந்து நாள் நல்ல வெயில் தின்றால் கிழங்கு சுருங்கிச் செத்துவிடும். ஈரமண்ணில் அதே கிழங்கைப் புரட்டினால் புது இடத்தில் வேர்விடும். அதே டிராக்டர், அதே வாடகை, ஆனால் பலன் நேர் எதிர். என் முதல் வருஷத் தவறு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான்.

மாசி, பங்குனியில் இடைவெளி நிலம் கொழு இறங்கும் அளவு மட்டும் ஈரமாக இருக்கும்போது கொழுக்கலப்பையால், நம் ஊரில் கல்டிவேட்டர் என்போமே, அதால் அரை அடி ஆழத்துக்கு ஓட்டுங்கள். ரோட்டவேட்டர் வேண்டாம். ரோட்டவேட்டர் கிழங்குச் சங்கிலியையும் அருகின் தண்டையும் துண்டாக்கி மண்ணோடு கலந்து மூடிவிடும். கொழு அப்படி இல்லை, கீறி மேலே இழுத்துப் போடும். பத்து நாள் விட்டு, குறுக்காக இன்னொரு ஓட்டு. பெரிய கட்டிக்குள் இருக்கும் கிழங்கு தப்பிவிடும். அதனால் இரண்டாம் ஓட்டில் கட்டி உடைய வேண்டும். மேலே வந்த அருகை வாரி ஓரத்தில் குவித்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மாட்டுக்குப் போடலாம், பச்சையாகக் குப்பைக்குழியில் மட்டும் போடாதீர்கள்.

மரத்திலிருந்து 6 அடிக்குள் டிராக்டர் வரக்கூடாது. இடைவெளியிலும் அரை அடிக்குமேல் ஆழம் போக வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். கோடையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டாக வேண்டுமே, நிலம் எப்படிக் காயும்? வாய்க்கால் பாய்ச்சலாக இருந்தால் இந்தப் படி பாதிதான் பலிக்கும். சொட்டுநீர் போட்ட தோப்பில் வட்டப்பாத்தி மட்டும் நனைந்து, இடைவெளி எலும்பாகக் காய்ந்துகிடக்கும். சொட்டுநீரைத் தண்ணீர் மிச்சம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். என் கணக்கில் அது களைச்செலவில் தந்த மிச்சமும் பெரிது. வாய்க்கால் தண்ணீர் விதையையும் கிழங்கையும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சுமந்து செல்வதும் இதனால் நின்றுபோகும். வாய்க்கால் பாய்ச்சல்தான் என்றால், பாத்திக்குப் பாத்தி குழாய் வைத்தாவது இடைவெளி நனையாமல் ஒரு மாதம் ஓட்டப் பாருங்கள்.

நான்காம் படி: வட்டப்பாத்தியில் மூன்று வாரக் கெடு

பாத்திக்குள் எப்போதும் ஈரம் இருக்கும், அங்கே காய்ச்சல் முறை நடக்காது. அங்கே செய்ய வேண்டியது பட்டினி போடுவது.

கோரை முளைக்கும்போது தன் கிழங்கில் சேர்த்துவைத்ததைத் தின்றுதான் இலை விடுகிறது. இலை விரிந்து வெயிலில் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் கீழே திரும்பச் சேமிக்கும், புதுக் கிழங்கும் கட்டும். முளைத்து மூன்று, நான்கு வாரத்துக்குள் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதனால் மூன்று வாரம் ஆகும் முன்னாலேயே கொத்திவிட வேண்டும். மூன்று நான்கு இலை விட்ட நிலையில் கொத்தினால், அது செலவழித்தது திரும்பக் கிடைக்காமல் போகும். இப்படி விடாமல் நான்கைந்து சுற்று செய்தால் கிழங்கு ஓய்ந்துபோகும்.

நம்மில் பலர் செய்வது என்ன? முழங்கால் உயரம் வளரவிட்டு, பூவெடுத்தபிறகு, "இப்போது களை எடுத்தால்தான் கூலிக்கு ஈடாகும்" என்று ஆள் விடுவது. அதற்குள் அது கீழே புதுக் கிழங்குகளைக் கட்டி முடித்திருக்கும். ஆளுக்குக் கூலி கொடுத்து அறுவடை முடிந்த பயிரின் தாளை அறுப்பதுபோலத்தான் அது.

கொத்தும் ஆளிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஆழமாகக் கொத்த வேண்டாம், இரண்டு மூன்று விரல் ஆழம் போதும், மரத்தின் வேரைத் தொடக்கூடாது. அப்புறம், கொத்தியதைப் பாத்திக்குள்ளேயே விட்டுவிட்டு உடனே தண்ணீர் விடக்கூடாது. காலையில் கொத்தினால் இரண்டு நாளாவது வெயில் காய்ந்தபிறகு சொட்டுநீரைத் திறங்கள்.

பிரஷ் கட்டரை, அதாவது புல்வெட்டும் கைஇயந்திரத்தை, பாத்திக்குள் கொண்டுவருவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இளம் தென்னையின் அடித்தண்டில் கத்தியோ நைலான் கயிறோ பட்டுக் காயம் ஆனால், அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே புழு தின்றுகொண்டே போய், ஒருநாள் குருத்து சாயும்போதுதான் தெரியும். களைக்கு மிச்சம் பிடிக்கப் போய் மரத்தையே இழந்த தோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இளமரத்தைச் சுற்றி இரண்டடிக்குக் கைக்கொத்துதான், இயந்திரம் அதற்கு வெளியே நிற்கட்டும்.

ஐந்தாம் படி: மட்டையை விற்காதீர்கள், எரிக்காதீர்கள்

நல்ல மரம் மாதத்துக்கு ஒரு மட்டை உதிர்க்கும். 70 மரத்துக்கு ஆண்டுக்கு 840 மட்டை, அதாவது ஒவ்வொரு பாத்திக்கும் அதே மரம் கொடுக்கும் 12 மட்டை. களைக்கு வெளிச்சத்தை மறைக்க, அதாவது தரையை மூடி மூடாக்கு போட, நம்மிடம் இருக்கும் இலவசச் சரக்கு இதுதான்.

மட்டையை மூன்றாக நறுக்கி, அடிமட்டையைத் தனியே எடுத்துவிட்டு, ஓலைப் பக்கத்தைப் பாத்தியில் குறுக்கும் நெடுக்குமாக அரை அடி கனத்துக்கு அடுக்குங்கள். தூளாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, தூள் தரையோடு படிந்து இடைவெளி இல்லாமல் மூடும். தேங்காய் உரிமட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குவதும் நம் ஊரில் பழைய வழக்கம், ஈரத்தையும் நன்றாகப் பிடித்துவைக்கும். நார்க்கழிவு கிடைத்தால் நான்கு விரல் கனம் போடலாம்.

ஆனால் வரிசை முக்கியம். கோரையின் முளை ஊசிபோலக் கூரானது. பாலித்தீன் விரிப்பையே குத்திக்கொண்டு மேலே வந்துவிடும், ஓலை எம்மாத்திரம்? அதனால் நான்காம் படியில் சொன்னபடி மூன்று சுற்றாவது கொத்தி ஓயவைத்தபிறகுதான் மூடாக்கு போட வேண்டும். முளைத்து நிற்கும் கோரைமேல் ஓலையைப் போட்டுவிட்டு "மூடாக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அருகுக்கு அப்படி இல்லை. நிழலில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும், ஒரு முறை கொத்தி மூடினாலே போதும்.

தண்டைச் சுற்றி அரை அடி மூடாக்கு இல்லாமல் விட்டுவிடுங்கள், கரையான் ஏறாது. மூடாக்கு மக்கும்போது காண்டாமிருக வண்டின் புழு அதில் குடியேறலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அங்கங்கே கிளறிப் பாருங்கள். வளைந்த வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கி எடுத்துவிட்டு, பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வேளாண்மை அலுவலகங்களில் மெட்டாரைசியம் என்று கேட்டால் தெரியும்.

ஆறாம் படி: நிழலை வேலைக்கு வைப்பது

கோரை, அருகு, தர்ப்பை மூன்றுக்கும் பொதுவான பலவீனம் நிழல். நல்ல வெயிலில் பாய்ந்து வளரும் இனங்கள், நிழல் விழுந்தால் படுத்துவிடும். தோப்பின் வயதைப் பார்த்தாலே களைத்தொல்லையைச் சொல்லிவிடலாம். நட்டதிலிருந்து ஏழெட்டு வருஷம் வரை தரை முழுக்க வெயில். எட்டிலிருந்து இருபத்தைந்து வரை ஓலை விரிந்து நல்ல நிழல், களை குறைவு. அதற்குப்பின் மரம் உயர்ந்து, மறுபடி வெயில் தரைக்கு இறங்கும். ஆக, செலவை எங்கே அதிகம் வைக்க வேண்டும் என்பது முதல் எட்டு வருஷத்திலும், இருபத்தைந்துக்குப் பிறகும்தான்.

வெயில் விழும் தோப்பில் நாமே நிழலை விதைக்க வேண்டும். ஆடிப்பட்டத்தில் இடைவெளியில் சணப்பையோ தக்கைப்பூண்டோ, இவை தழைக்காக வளர்க்கும் பசுந்தாள் பயிர்கள், ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். ஈரம் தங்கும் நிலத்துக்குத் தக்கைப்பூண்டு, வடியும் செம்மண்ணுக்குச் சணப்பை. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் இடுப்புக்குமேல் வளர்ந்து தரையை இருட்டாக்கிவிடும். பூ எடுக்கும் நேரத்தில் உழுது புதைக்காமல், மரக்கட்டையோ உருளையோ வைத்து மடக்கிப் படுக்கப் போடுகிறேன். மழைக்காலத்தில் உழுதால் மறுபடி கோரைக் கிழங்கைக் கிளறியதாகிவிடும். படுத்த தழை அப்படியே மூடாக்காகி மக்கும்.

கொளுஞ்சி என்ற இன்னொரு பசுந்தாள் செடிக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன். ஆடுமாடு அதை விரும்பித் தின்னாது, ஒருமுறை விதைத்தால் தானே விதை உதிர்த்து அடுத்த மழைக்கும் வரும், கட்டாந்தரையிலும் நிற்கும். முதல் வருஷம் மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும்.

கலப்பகோனியம், பியூரேரியா போன்ற மூடுபயிர்க் கொடிகள் தர்ப்பையைக்கூட மூச்சுமுட்ட வைக்கும். தர்ப்பை இருக்கும் இடத்தில் வெட்டுவதைவிட, உருளையால் அல்லது பலகையால் மடக்கி நசுக்கிவிட்டு அதன்மேல் கொடியை ஏற்றுவது நல்லது. வெட்டினால் உடனே புது இலை விடும், மடங்கிய தண்டு அவ்வளவு சீக்கிரம் எழாது. இந்தக் கொடிகள் தென்னைமேல் ஏறும், பாத்திக்கு வெளியே மாதம் ஒருமுறை அறுத்துவிட ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

நடுவயதுத் தோப்பில் தண்ணீர் வசதி இருந்தால் கோக்கோ. ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் கோக்கோவும் ஜாதிக்காயும் ஊடுபயிராக நிற்கும் தோப்புகளில் போய்த் தரையைப் பாருங்கள். கோக்கோ இலை உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும், கோரையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். களையெடுக்கும் செலவு இல்லை, மேலே ஒரு வருமானமும் வருகிறது. என்னைக் கேட்டால், கைக்காசு கொஞ்சம் இருப்பவருக்கு இதுதான் நிரந்தர வழி.

ஏழாம் படி: வேலியோரத்துக் கட்டைகள்

உன்னியை ஆண்டுதோறும் அரிவாளால் வெட்டுவது அதற்கு முடிவெட்டிவிடுவதுபோல, இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். மண்ணைச் சற்று ஒதுக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேரைக் கடப்பாரையாலோ கோடாரியாலோ துண்டியுங்கள். துளிர் விடும் கண்கள் அந்தக் கழுத்தில்தான் இருக்கின்றன. அறுத்ததைத் தலைகீழாகத் திருப்பி வேர் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால், மண் தொட்டு மறுபடி பிடிக்காது. சீமைக் கருவேலத்துக்கும் அதே விதி, தரைமட்டத்தில் அறுத்தால் பத்துக் கிளையாக வரும், அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். பெரிய மரம் நிறைய இருந்தால் பொக்லைனை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே மலிவு. மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள், பாதி ஆளில் முடியும்.

வரப்பில் இருக்கும் அருகை நான் தொடுவதில்லை. வரப்பை மழைக்குக் கரையாமல் கட்டிப்பிடித்திருப்பது அதுதான். வரப்பின் அடியோரமாக ஒரு அடி அகலத்துக்கு மட்டும் கொத்திவைத்து, உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். புதன், சனியில் பிள்ளையாருக்கு அருகு கேட்டு வருபவர்களுக்கும் அந்த வரப்புதான்.

எட்டாம் படி: களைக்கொல்லி, தேவைப்பட்டால்

களைக்கொல்லியைத் தொடமாட்டேன் என்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், முந்தைய ஆறேழு படிகளே அவருக்குப் போதும், கொஞ்சம் காலம் கூட ஆகும். அடிப்பதென்றால் சரியாக அடிக்க வேண்டும்.

கடையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இது மேலே மட்டும் கருக்குவதா, உள்ளே இறங்குவதா என்பது. பாராகுவாட் மாதிரித் தொட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்துகள் கோரையின் கிழங்கை ஒன்றும் செய்யாது. இரண்டே நாளில் கருகிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும், மூன்றாம் வாரம் மறுபடி பச்சை. அதைவிட முக்கியம், பாராகுவாட் உடலுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. அதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அட்ரசின் விதை முளைக்கும் முன் தடுப்பது, மண்ணுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கிழங்குக்கு அது விடை இல்லை.

இலைவழி இறங்கிக் கிழங்குவரை போவது கிளைபோசேட். தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கிளைபோசேட், கூடவே 20 கிராம் அம்மோனியம் சல்பேட். 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி, 200 கிராம். ஆனால் 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மூலமாகத்தான் இதை அடிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. அதனால் வாங்கும் முன் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தை வீணாக்கும் தவறுகள் சில உண்டு. கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் கலப்பது முதல் தவறு. மண்துகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், இலைக்குப் போவது பாதிதான். தெளிந்த தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் அம்மோனியம் சல்பேட்டை மருந்துக்கு முன்பே கரைத்துவிடுங்கள். அடுத்தது, வாடிநிற்கும் களைமேல் அடிப்பது. வாடிய செடி எதையும் கீழே இறக்காது. நல்ல ஈரத்தில், கோரை பூவெடுக்கத் தொடங்கும் நேரத்தில், செடி தன் சம்பாத்தியத்தைக் கிழங்குக்கு இறக்கும். மருந்தும் அதோடு சேர்ந்து இறங்கும். கொத்துவதற்கு இளம்பருவம், மருந்துக்குப் பூக்கும் பருவம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்து ஆறு மணி நேரம் மழை கூடாது. அடித்தபின் இரண்டு வாரம் வெட்டவோ உழவோ கூடாது.

முழுத் தோப்புக்கும் அடிக்காதீர்கள். முதல் படியில் வரைந்த வரைபடத்தில் இருக்கும் கோரைத் திட்டுக்கு மட்டும், முனையில் மூடி மாட்டிய தெளிப்பானால், காற்றில்லாத காலையில் அடிப்பது போதும். இளங்கன்று இருக்கும் பாத்திக்குள் வேண்டவே வேண்டாம், பச்சை ஓலையில் பட்டால் கன்று போய்விடும். ஊடுபயிராக வாழையோ கோக்கோவோ இருந்தாலும் அப்படித்தான். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் எந்த ஆளையும் அடிக்க விடாதீர்கள். கூலிக்கு வருகிறவர் "பரவாயில்லைங்க" என்பார், நாம் சம்மதிக்கக்கூடாது.

உப்பைக் கரைத்து அடிப்பது இப்போது செய்தியாகப் பரவுகிறது. அதுவும் மேல் இலையைத்தான் கருக்கும், உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். களிமண் நிலத்தில் இரண்டு மூன்று முறை செய்தால் மண் இறுகிப்போகும்.

ஒன்பதாம் படி: வாசலை அடைப்பது

என் தோப்புக்குக் கோரை எப்படி வந்தது என்று தேடியபோது ஏரி வண்டல் அடித்த இடம்தான் தொடக்கம் என்று தெரிந்தது. வண்டலோ வெளி எருவோ வந்தால், உடனே பரப்பாமல் ஒரு ஓரத்தில் கொட்டி ஒரு மழையோ ஒரு பாய்ச்சலோ கொடுத்து, என்ன முளைக்கிறது என்று மூன்று வாரம் பாருங்கள். நாற்றங்காலில் வாங்கும் தென்னங்கன்றின் பையைக் கிழித்து அடிமண்ணைப் பாருங்கள், கோக்கோக் கன்றின் பையையும் அப்படியே. பல நேரம் கோரை அதில்தான் வருகிறது. வாடகை டிராக்டரின் கொழுவில் ஒட்டியிருக்கும் மண்ணை நம் வரப்பு தாண்டும் முன் தட்டிவிடச் சொல்லுங்கள். உங்கள் தோப்பிலேயே கோரைத் திட்டைக் கடைசியாக ஓட்டச் சொல்லுங்கள். இதெல்லாம் காசில்லாத வேலை.

கணக்கு

ஒரு நாள் ஆளோடு நின்று, ஒருவர் எத்தனை வட்டப்பாத்தி கொத்துகிறார் என்று எண்ணுங்கள். பத்து என்றால் ஏக்கருக்கு ஏழு ஆள். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, நான்கு சுற்று என்றால் 28 ஆள். முழு ஏக்கரையும் களையெடுக்க ஆகும் ஆளை இதோடு ஒப்பிடுங்கள். உழவு இரண்டு ஓட்டு, பசுந்தாள் விதை 20 கிலோ, மட்டை நறுக்கும் கூலி இவற்றைச் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். முதல் வருஷம் பழைய செலவைவிடக் கூடத்தான் வரும், மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் வருஷம் சுற்றுகள் குறையும், மூன்றாம் வருஷம் மூடாக்குப் புதுப்பிப்பும் அங்கங்கே கைக்கொத்தும்தான் மிஞ்சும். கையில் காசு குறைவென்றால் நான்கு ஏக்கரையும் அரைகுறையாகத் தொடாமல் ஒரு ஏக்கரை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு சுற்றைத் தவறவிட்டால் முந்தைய மூன்று சுற்றின் கூலியும் போய்விடும்.

இன்னொரு கவனம். கேரள வாடல் நோயால் மரங்களை வெட்டி எடுக்கும் தோப்புகள் இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நிறைய. ஒரு மரம் போன இடத்தில் வானம் திறந்து வெயில் கொட்டும். அடங்கிக்கிடந்த கோரை அடுத்த மழைக்கே அங்கே எழுந்துவிடும், புதுக்கன்று அதற்கு நடுவில் திணறும். மரத்தை எடுத்த வாரமே அந்த இடத்தில் சணப்பையோ தட்டைப்பயறோ தூவிவிடுங்கள், கன்று நடும் குழியை அதற்குள் எடுத்துக்கொள்ளலாம்.

வருஷம் ஒருமுறை, தை மாதத்தில், பழைய கோரைத் திட்டில் ஒரே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி, அரை அடி ஆழம் மண்ணெடுத்துச் சல்லடையில் அலசுங்கள். கிடைக்கும் கிழங்கை ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. கறுத்துச் சுருங்கியிருந்தால் செத்தது. உயிருள்ளதை மட்டும் எண்ணி, தேதியோடு அதே நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த கோடையில் எத்தனை ஓட்டு, எத்தனை சுற்று என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவுசெய்துகொள்ளலாம்.